குரலுக்கு இடம் விடும் சார்ட் எது? ஜாஸ் கேள்வி-பதில்

போன இதழில் பிக் பேண்ட் எப்படி அமைகிறது என்று எழுதியிருந்தேன்: சாக்ஸஃபோன் 5, டிரம்பெட் 4, டிராம்போன் 4, அப்புறம் பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ், ஆக மொத்தம் 17 பேர். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. இந்த 17 பேருக்கு முன்னால் ஒருவர் நின்று பாட வேண்டுமென்றால் எந்த அரேஞ்ச்மென்டை, அதாவது ஒவ்வொரு கருவியும் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிய இசைத்தாள் தொகுப்பை, வாங்குவது? ஜாஸ்காரர்கள் அதைச் சுருக்கமாக சார்ட் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் கற்கிறாள், ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாள். இந்த வருடம் பள்ளி ஜாஸ் பேண்டில் பாட இடம் கிடைத்திருக்கிறது. பாட்டை நீயே தேர்ந்தெடுத்து வா என்று பேண்ட் ஆசிரியர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஃப்ராங்க் சினாட்ரா பாடிய 'ஃப்ளை மீ டு த மூன்' மேல் ஆசை. ஆனால் அந்த ரெக்கார்டோடு சேர்ந்து பாடினால் குரல் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் கத்த வேண்டியிருக்கிறது. வேறு பாட்டுக்குப் போய்விடலாமா?
(ஒரு தாய், நியூ ஜெர்சி)

பதில்: பாட்டை மாற்ற வேண்டாம் அம்மா, சார்ட்டை மாற்றுங்கள். அது பார்ட் ஹோவர்ட் 1954-இல் எழுதிய பாட்டு. முதலில் அதன் பெயர் 'இன் அதர் வேர்ட்ஸ்', நடையும் மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ். உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருப்பது 1964-இல் கவுன்ட் பேஸி பேண்டோடு சினாட்ரா பாடியது, அதை நான்கு எண்ணிக்கை ஸ்விங்காக அமைத்தவர் குவின்சி ஜோன்ஸ். சினாட்ராவின் குரலை மனதில் வைத்து எழுதிய சார்ட் அது. அது அவளுக்குப் பொருந்தவில்லை என்றால் அவள் குரலில் குறை இருப்பதாக நினைக்கவே கூடாது. ஒரே பாட்டுக்கு எத்தனையோ பேர் சார்ட் எழுதியிருக்கிறார்கள், அவற்றில் பெண்குரலுக்கென்றே எழுதியவையும் உண்டு.

பொதுவாக ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட வேண்டுமென்றால் சுருதியை ச-விலிருந்து ம அல்லது ப அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கும். சினாட்ராவின் ரெக்கார்டு சி கீயில், அதாவது ஒரு கட்டையில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது நாலு அல்லது ஐந்து கட்டைப் பக்கம் வந்து உட்காரும் என்று நினைக்கிறேன். ஆனால் என் கணக்கை நம்பாதீர்கள். தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டு, ரெக்கார்டு இல்லாமல், முழுப் பாட்டையும் நாலு கட்டையில் ஒரு தடவை, நாலரையில் ஒரு தடவை, ஐந்தில் ஒரு தடவை பாடச் சொல்லுங்கள். பள்ளி விட்டு வந்து களைத்திருக்கும் மாலையில் பாடச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒத்திகை அந்த நேரத்தில்தான் நடக்கும். எந்தக் கட்டையில் கடைசி வரியை வார்த்தை தெளிவாக, சிரித்த முகத்தோடு பாட முடிகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்த ஸ்வரத்தையும் கூடவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சார்ட் தேடும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்தச் சீட்டுதான். ஹால் லெனர்ட், ஆல்ஃபிரட் மாதிரிப் பதிப்பாளர்கள் தனிப் பாடகருக்கான சார்ட்டுகளைத் தனியாகவே விற்கிறார்கள், எந்தக் கீ என்பதை விவரத்தில் பாருங்கள், இல்லையென்றால் மாதிரிப் பக்கத்தில் பாருங்கள். அது தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

கர்நாடக சங்கீதப் பிள்ளைகள் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. நமக்கு ஒரு பாடகருக்கு ஒரு சுருதி. ஐந்தரை என்றால் வர்ணம் முதல் மங்களம் வரை ஐந்தரைதான். ஜாஸில் கட்டை பாடகரோடு ஒட்டிக்கொள்வதில்லை, பாட்டுக்குப் பாட்டு மாறும். ஒரு மெட்டு கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடு ஸ்தாயிப் பஞ்சமத்துக்குள் முடிந்துவிடும், இன்னொன்று ச-விலிருந்து மேல் ச-வையும் தாண்டிப் போகும். இரண்டுக்கும் ஒரே ஆதார சுருதி வைத்தால் ஒன்றில் தொண்டை நோகும். இது உங்கள் மகளுக்குப் புதிதாக இருக்க வேண்டியதில்லை. குறிஞ்சி, நவரோஜ், புன்னாகவராளி மாதிரி சஞ்சாரம் குறுகிய ராகங்களை மத்யம சுருதி வைத்துப் பாடுவார்களே, அதே நியாயம்தான். "எனக்கு ஐந்தரை" என்று அவள் பேண்ட் ஆசிரியரிடம் போய்ச் சொல்லக் கூடாது. "இந்தப் பாட்டு எனக்கு எஃப்-இல் வருகிறது" என்று சொல்ல வேண்டும்.

அவளுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கத்தியப் பள்ளிக் கோரஸில் வளர்ந்த பெண்கள் பலர் உயர்ந்த ஸ்தாயியில், மெல்லிய தலைக்குரலில் பாடிப் பழகியவர்கள். ஐந்தரைக் கட்டைப் பெண்ணோ கீழே மந்த்ர பஞ்சமத்தைத் தொட்டு மேலே தார காந்தாரம், மத்யமம் வரை முழுக்குரலில் பாடிப் பழகியவள். ஜாஸ் பாடகிகளும் கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள்தான், பேசும் குரலுக்குப் பக்கத்திலேயே பாடுவார்கள். பில்லி ஹாலிடேயைக் கேட்டால் புரியும். அதனால் குரலை மாற்றிக்கொள்ளச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். கமகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: அதே பாட்டின் சார்ட் வேறு கீயில் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு பொத்தானில் கீயை மாற்றிவிடலாமே, எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்?
(வாசகர், கோலாலம்பூர்)

பதில்: அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதற்கு மேல் போனால் பேண்ட் உடையும். முதல் டிரம்பெட்டின் உச்ச ஸ்வரம் அவருடைய தாளில் மேல் சி என்று வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிப் பிள்ளைக்கு அதுவே கஷ்டம். ச-விலிருந்து ம அளவுக்கு ஏற்றினால் அது இன்னும் மேலே எஃப் ஆகிவிடும், தொழில்முறை டிரம்பெட்காரர்களிலேயே அதைத் தைரியமாக ஊதுகிறவர்கள் கொஞ்சம்தான். சரி, இறக்கிவிடலாம் என்று ப-விலிருந்து ச அளவுக்குக் கீழே கொண்டுபோனால் டிராம்போன்களும் பாரிடோன் சாக்ஸும் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லாம் ஒரே முழக்கமாகக் கேட்கும். அரேஞ்ச் செய்தவர் ஒவ்வொரு கருவியும் எங்கே அழகாக ஒலிக்கும் என்று பார்த்துத்தான் எழுதியிருப்பார். பொத்தானுக்கு அது தெரியாது.

சிறிய மாற்றத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். பாடகிக்கு ஜி கீ சௌகரியம் என்கிறார், அதாவது ஐந்து கட்டை. ஆல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் கருவி, டிரம்பெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃப்ளாட் கருவிகள், அதாவது தாளில் எழுதிய ஸ்வரம் இவற்றில் வேறு ஸ்வரமாக ஒலிக்கும். ஷார்ப் என்பது அரை ஸ்வரம் ஏற்றும் குறி, ஃப்ளாட் இறக்கும் குறி. பேண்ட் ஜி-யில் ஒலிக்க ஆல்டோக்காரர் தாளில் நான்கு ஷார்ப்போடு ஈ மேஜர் வரும், டிரம்பெட் தாளில் மூன்று ஷார்ப்போடு ஏ மேஜர். பிள்ளைகள் விரல் தடுமாறும். அரைக் கட்டை ஏற்றி ஏ ஃப்ளாட் வைத்தால் ஆல்டோவுக்கு ஒரே ஒரு ஃப்ளாட், டிரம்பெட்டுக்கு இரண்டு. பாடகிக்கு அரைக் கட்டை அவ்வளவாகத் தெரியாது, பேண்டுக்கு மலையும் மடுவும். ஜாஸ் பேண்டுகள் எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று ஃப்ளாட் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அனுமதி விஷயமும் இருக்கிறது. காப்புரிமை உள்ள சார்ட்டை மாற்றி எழுதுவதற்குப் பதிப்பாளரிடம் கேட்க வேண்டும். கேட்டு எழுதிப் பாருங்கள், அதே சார்ட்டை வேறு கீயிலும் வைத்திருக்கலாம். யாரோ அனுப்பிய நகலை வைத்து மேடை ஏறுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. எழுதியவரின் கூலி அது.

கேள்வி: டொராண்டோவில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியராக இருக்கிறேன். நான் படித்தது கிளாசிக்கல் பியானோ, ஜாஸ் பேண்ட் இந்த வருடம்தான் என் பொறுப்பில் வந்தது. டெமோ ரெக்கார்டிங்கில் எல்லா சார்ட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றாக இருக்கும் முழுத்தாளை, பார்த்து நல்லதைக் கண்டுபிடிப்பது எப்படி?
(ஆசிரியை, டொராண்டோ)

பதில்: டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள் டீச்சர். அது ஸ்டூடியோவில் தேர்ந்த கலைஞர்கள் வாசித்தது, பாடகரின் குரலைத் தனியாக ஒலிப்பதிவு செய்து பிறகு ஏற்றி வைத்திருப்பார்கள். உங்கள் பள்ளி அரங்கில் அந்த வசதி கிடையாது. அங்கே குரல் கேட்க வேண்டுமென்றால் ஸ்கோரிலேயே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

மாதிரிப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு தொடங்கும் முதல் எட்டு பார் (பார் என்பது நம் ஆவர்த்தம் மாதிரி ஒரு தாளச் சுற்று), அதாவது முதல் பல்லவி மாதிரியான பகுதி. பாடகரின் வரியில் விரலை வைத்து மெல்ல நகர்த்துங்கள். வார்த்தை வாயில் இருக்கும்போது பேண்ட் என்ன செய்கிறது? டிராம்போன்கள் மியூட் (ஒலியை மென்மையாக்கும் அடைப்பு) வைத்து நீள ஸ்வரம் பிடித்திருந்தால் நல்லது. சாக்ஸ்கள் தாழ்வாக ஒரு திரை மாதிரி ஓடினாலும் நல்லது. பேஸும் டிரம்ஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தால் மிகவும் நல்லது. வார்த்தைக்கு நடுவில் டிரம்பெட்கள் மியூட் இல்லாமல் பளீர் என்று அடித்தால் அந்த சார்ட்டைக் கீழே வையுங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்துக்கு விரல் வரும்போது பேண்ட் பேச வேண்டும். நம் கச்சேரியில் வயலின்காரர் சங்கதியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் பாடகர் நிறுத்திய இடத்தில் நிரப்புவதும் எப்படியோ, அந்த மரியாதை ஸ்கோரில் தெரிய வேண்டும்.

முதல் ஆல்டோவின் வரியையும் பாருங்கள். ஆல்டோ சாக்ஸும் பெண்குரலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ஒலிப்பவை. மாணவர்களுக்கான சில சார்ட்டுகளில் பாடகி வழி தவறிவிடக் கூடாது என்று மெட்டை அப்படியே ஆல்டோவுக்கும் கொடுத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஜாஸ் பாடகரின் அழகே வார்த்தையைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போடுவதில் இருக்கிறது. பில்லி ஹாலிடே ஒரு வரியை எவ்வளவு தாமதமாகத் தொடங்கி எவ்வளவு சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் ஆல்டோ அதே மெட்டைத் தாளம் தப்பாமல் ஊதிக்கொண்டிருந்தால் பாடுகிற பெண் அதற்குக் கட்டுப்பட்டு நேராகப் பாடுவாள், ஜாஸ் போய்விடும். வேறு வழியில்லாமல் அப்படிப்பட்ட சார்ட்டை வாங்கிவிட்டால் அந்த பார்களில் ஆல்டோவை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து முன்னிசை. நான்கு பாரோ எட்டு பாரோ, அதன் கடைசி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டில்) பாடகரின் முதல் ஸ்வரம் இருக்கிறதா என்று பியானோவில் வாசித்துப் பாருங்கள், உங்களுக்கு அது சுலபம். அந்த ஸ்வரம் கார்டில் இல்லாமல், அல்லது பக்கத்து ஸ்வரத்தோடு மோதிக்கொண்டு இருந்தால் மேடைப் பதற்றத்தில் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு தொடங்கும்?

அப்புறம் பாட்டின் முழு வடிவம். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு சுற்றுக்கு 32 பார். முதல் சுற்று முழுக்கப் பாடகர், அடுத்து பேண்ட் தனியாகப் பாதிச் சுற்று, பாடகர் நடுப்பகுதியில் திரும்ப நுழைந்து கடைசி வரியை இரண்டு மூன்று தடவை சொல்லி முடிப்பது என்பது நன்றாகப் பழகிய அமைப்பு. பேண்ட் முழு பலத்தோடு வாசிக்கும் பகுதியை ஷவுட் கோரஸ் என்பார்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் மாதிரி, அது ஒரு தடவைதான் வர வேண்டும், அந்த நேரத்தில் யாரும் பாடக் கூடாது. சினாட்ராவுக்காக நெல்சன் ரிடில் 1956-இல் எழுதிய 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' சார்ட்டை இதற்காகவே பலமுறை கேட்கலாம். சினாட்ரா சாவகாசமாக ஒரு சுற்றுப் பாடி முடிக்கிறார். அவர் நிறுத்தியதும் ஒரே தாளக்கட்டின் மேல் பேண்ட் அடுக்கடுக்காக ஏறுகிறது, உச்சியில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் வெடித்துக் கிளம்புகிறது. அந்தச் சூட்டிலேயே சினாட்ரா திரும்ப நுழைகிறார், பிறகு எல்லாம் மெல்லத் தணிந்து சின்ன ஒலியில் முடிகிறது. உங்கள் மாணவர்கள் அதை வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் சார்ட் தேர்ந்தெடுக்கும் உங்களுக்கு அந்த உருவம் காதில் இருக்க வேண்டும்.

கீ நடுவில் மாறுகிறதா என்றும் பாருங்கள். பாபி டாரின் பாடிய 'மேக் த நைஃப்' ரெக்கார்டில் பாட்டு போகப் போக சுருதி அரை ஸ்வரமாக ஏறிக்கொண்டே போகும். கேட்கிறவருக்கு உற்சாகம், பாடுகிறவருக்குக் கடைசிச் சுற்றில் தொண்டை இறுகும். இப்படிப்பட்ட சார்ட்டில் முதல் பக்கத்துக் கீயை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள், கடைசிப் பக்கத்தின் உச்ச ஸ்வரத்தைப் பாருங்கள். 'பாடி அண்ட் சோல்' வேறு விதமான வம்பு: டி ஃப்ளாட்டில் போய்க்கொண்டிருந்த பாட்டு நடுப்பகுதியில் அரை ஸ்வரம் மேலே டி மேஜருக்குத் தாவிவிடும். முதல் வருட மாணவிக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

முதல் சார்ட்டாக எதை வாங்கலாம் என்று கேட்டால், மிதமான வேகத்தில் ஒரு ப்ளூஸ் என்பேன். 12 பார் ப்ளூஸில் ஒவ்வொரு நான்கு பார் வரியிலும் பாடகர் சுமார் இரண்டு பார் பாடுவார், மிச்ச இரண்டு பார் பேண்டின் பதிலுக்கு. குரலுக்கு இடம் விடுவது அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. 1955-இல் பேஸி பேண்டோடு ஜோ வில்லியம்ஸ் பாடிய 'எவ்ரி டே ஐ ஹேவ் த ப்ளூஸ்', எர்னி வில்கின்ஸின் சார்ட், இதற்கு அருமையான பாடம். மெதுவான காதல் பாட்டு சுலபம் என்று நினைத்து அதில் இறங்க வேண்டாம். மெதுவான பாட்டில் 13 ஊதுகிறவர்களும் நீள ஸ்வரத்தைச் சுருதி விலகாமல் பிடிக்க வேண்டும், பள்ளி பேண்டுக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை.

கேள்வி: 1930-களின் பழைய ரெக்கார்டுகளை ஆசையாகக் கேட்பவன் நான். பாடகர் பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் பாதிப் பாட்டு போன பிறகுதான் வாயைத் திறக்கிறார், ஒரு சுற்றுப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஏன் அப்படி?
(வாசகர், மதுரை)

பதில்: அவை ஆடுவதற்காக எழுதிய சார்ட்டுகள். நடன அரங்கில் முதலாளி பேண்ட் தலைவர், பாடகர் அந்த பேண்டில் இன்னொரு சம்பளக்காரர். ஒரு கிளாரினெட் சோலோ வருவதுபோல ஒரு சுற்று குரல் வரும், அவ்வளவுதான். நியூயார்க் ஹார்லெமில் சாவாய் அரங்கின் சிக் வெப் பேண்டில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பேஸி பேண்டில் ஜிம்மி ரஷிங், டாமி டார்சி பேண்டில் 1940 முதல் 1942 வரை சினாட்ரா என எல்லோரும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள்.

மாற்றத்துக்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று வேலைநிறுத்தம். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிப்பதை நிறுத்தியது. டெக்கா 1943-இல் இறங்கி வந்தது, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக இருந்தன. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. பேண்ட் இல்லாமல், பின்னால் கோரஸ் குரல்களை மட்டும் வைத்துப் பாடி ரெக்கார்டு வெளியிட்டார்கள், சினாட்ராவும் அப்படிப் பாடினார். ஜனங்கள் பாடகரைத் தேடி வாங்கப் பழகிவிட்டார்கள். 1950-களில் நெல்சன் ரிடில், பில்லி மே போன்றவர்கள் எழுதியதெல்லாம் முதல் ஸ்வரத்திலிருந்தே பாடகரைச் சுற்றி எழுந்தவை.

சார்ட் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும். பாடகரை முன்னிறுத்துவது நோக்கமென்றால் 50-களுக்குப் பிந்தைய பாணி. உங்கள் பேண்டில் சோலோ வாசிக்கத் துடிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் இருந்து, பாடகி புதியவள், ஒரே சுற்றுதான் தாங்குவாள் என்றால் பழைய நடன பேண்ட் சார்ட்டே பொருத்தம். எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆல்டோ, டெனர், இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், பியானோ, பேஸ், டிரம்ஸ். அவ்வளவுதான். 17 பேருக்கான சார்ட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?
(மாணவர், திருச்சி)

பதில்: சமாளிக்கலாம், ஆனால் நன்றாக இருக்காது. மூன்றாவது டிரம்பெட், இரண்டாவது டிராம்போன் தாள்களில்தான் கார்டின் உயிர் ஸ்வரங்கள் ஒளிந்திருக்கும், முதல் பாகங்களை மட்டும் ஊதினால் சத்தம் இருக்கும், நிறம் இருக்காது. மூன்று முதல் ஐந்து ஊதுகருவிகளுக்கென்றே எழுதிய சார்ட்டுகள் கிடைக்கின்றன, அவற்றைத் தேடுங்கள்.

காசே இல்லை என்றாலும் ஒரு வழி உண்டு. கேன்சஸ் சிட்டியிலிருந்து கிளம்பிய பேஸி பேண்ட் ஆரம்பத்தில் பல பாட்டுகளைக் காகிதமே இல்லாமல் வாசித்தது. ஒருவர் இரண்டு பார் நீளத்தில் ஒரு சின்ன மெட்டுத் துண்டை ஊதுவார், அடுத்தவர்கள் அதற்கு ஒத்து ஊதுவார்கள், அது அப்படியே நிலைத்துவிடும். 1937-இல் ரெக்கார்டான 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' அப்படிப் பிறந்ததுதான். ஒரு ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவர் பாடி நிறுத்தியதும் சாக்ஸ் இரண்டும் ஒரு துண்டு, அடுத்த வரிக்கு டிரம்பெட்கள் ஒரு துண்டு. ஒரு மாலை ஒத்திகையில் உங்களுக்கென்றே ஒரு சார்ட் உருவாகிவிடும், அதுவும் உங்கள் பாடகரின் கட்டையிலேயே.

கேள்வி: மகனுக்கு 13 வயது, குரல் உடைகிற நேரம். ஆண்டு இறுதிக் கச்சேரியில் அவனைத்தான் பாடச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், சிங்கப்பூர்)

பதில்: ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் மெட்டாகப் பார்த்து எடுங்கள். கீயை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், இன்றைக்கு வரும் கட்டை நான்கு மாதத்தில் வராது. பள்ளிகளுக்கான பாடகர் சார்ட்டுகள் சிலவற்றில் பாடகர் வரியை ஆல்டோ சாக்ஸோ டிரம்பெட்டோ வாசிக்கும்படி மாற்றுத்தாள் ஒன்று இருக்கும். அது இருக்கும் சார்ட்டாக வாங்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை என்றால் பாட்டு நின்றுபோகாது, பையனும் அவமானப்பட மாட்டான்.

வரிகளையும் ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிடுங்கள். 'ஒன் ஃபார் மை பேபி' மெட்டு அற்புதம், ஆனால் பின்னிரவில் மதுக்கடைக்காரரிடம் தன் துயரத்தைக் கொட்டும் ஆளின் பாட்டு அது. 13 வயதுப் பையன் அதைப் பாடினால் ஒரு வார்த்தையும் உண்மையாக ஒலிக்காது.

கேள்வி: ஜாஸில் வார்த்தை இல்லாமல் வெறும் அசைகளை வைத்துக் கற்பனையாக ஸ்காட் பாடுகிறார்களே, அந்த இடத்தில் நான் கல்பனாஸ்வரம் பாடலாமா?
(மாணவி, சென்னை)

பதில்: தாராளமாக முயன்று பாருங்கள், ஆனால் கீழே கார்டு மாறிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ராகத்தில் சரியான ஸ்வரம் அடுத்த பாரில் கார்டோடு மோதலாம். முதலில் ஒரே கார்டு நீளமாக நிற்கும் பாட்டிலோ ப்ளூஸிலோ பழகுங்கள். சார்ட் எடுக்கும்போது சோலோவுக்கென்று திறந்து விட்ட பகுதி, அதாவது வேண்டிய தடவை திரும்ப வாசிக்கும்படி எழுதிய பகுதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா வரியும் எழுதி நிரப்பிய சார்ட்டில் நீங்கள் நுழைய இடமே இருக்காது. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1960 பிப்ரவரியில் பெர்லின் மேடையில் 'மேக் த நைஃப்' பாடும்போது வரிகள் மறந்துபோய், அந்த இடத்திலேயே வார்த்தைகளை இட்டுக்கட்டி, ஸ்காட்டும் சேர்த்துப் பாடி முடித்தார். அந்த ரெக்கார்டு அவருக்கு கிராமி வாங்கிக் கொடுத்தது. பின்னால் சின்னக் குழு மட்டும் இருந்ததால் அவர் போன வழிக்கெல்லாம் அவர்களும் போக முடிந்தது. கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நல்ல சார்ட், சரியான கீ, நன்றாகப் பாடும் பெண். ஆனாலும் கச்சேரியில் குரல் கேட்பதில்லை. மைக்கை ஏற்றினால் கூவுகிறது.
(டிராம்போன் வாசிப்பவர், மெல்பர்ன்)

பதில்: மைக்கை விட்டுவிட்டு முதலில் டிரம்ஸைப் பாருங்கள். குச்சிக்குப் பதில் பிரஷ் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பாடகியின் மைக் டிரம்பெட் வரிசையின் நேர்முன்னால் இருந்தால் அது அவள் குரலைவிட டிரம்பெட்டைத்தான் அதிகமாகப் பிடிக்கும், பியானோ பக்கமாக ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகைப் பார்த்து இருக்கட்டும், அதில் அவளுடைய குரலும் பியானோவும் மட்டும் போதும். மைக்கை உதட்டுக்கு நெருக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒத்திகை வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதல் ஒத்திகை பாடகியும் பியானோ, பேஸ், டிரம்ஸும் மட்டும். அடுத்ததில் சாக்ஸ்கள். கடைசியாகத்தான் உங்கள் டிராம்போன்களும் டிரம்பெட்களும். பாடகியின் தாளில் பார் எண்கள் எழுதியிருக்கட்டும், "34-ஆவது பாரிலிருந்து" என்று சொன்னால் அவளும் எல்லோரோடும் சேர்ந்து எடுக்க வேண்டும். நீங்கள் டிராம்போன்காரர் என்பதால் நேராகவே சொல்கிறேன்: அவள் பாடும்போது வார்த்தை உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் அதிகமாக ஊதுகிறீர்கள். பக்கெட் மியூட் நான்கு வாங்கி வையுங்கள், உங்கள் வரிசையில் நான்கு பேருக்கும்.